விழுறவரைத் தாங்கோ

காலை ஒன்பதே காலுக்கு முப்பத்தேழு கசெற்றையும் மேசையில் அடுக்கிவைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தான் குணரத்தினம். கசெற் வாடகைக் கடை நடத்துவது என்பது, தனக்குப் பிடித்த படத்தைப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு ஊருக்குப் பிடித்த படத்தை முன்னால் நீட்டுகிற தொழில். வீடியோ டெக்கின் தலையைத் துடைத்துத் துடைத்தே விரலில் ஸ்பிரிற் மணம் ஏறிய சகோதரர்கள் எங்கேயாவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். ஆறுதல் மட்டும் சொல்லவேண்டாம்.

தவணை

கடை திருகோணமலையில், துறைமுகத்துக்கு இறங்குகிற தெருவில் இருந்தது. அதற்கு முன்னர் நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பதினாலு வருடம் இந்த ஊர்ச் செய்தி எழுதினேன். தொண்ணூறில் மறுபடியும் சண்டை தொடங்கியபோது தொலைபேசியும் தபாலும் படுத்துவிட்டன. செய்தி இருந்தது, அனுப்ப வழி இருக்கவில்லை. அதனால் மனைவியின் தம்பி குணரத்தினத்துடன் சேர்ந்து கடை போட்டேன். புதுத் தமிழ்ப் படம் எல்லாம் குணத்தின் பொறுப்பு. முப்பத்தேழு பழைய ஹொலிவூட் நகைச்சுவைப் படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை, என்னுடையவை. மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலின் சமையற்காரர் ஒருவர், இரண்டு வாழைக்குலைக்கும் மூன்று கிலோ கருவாட்டுக்கும் அந்தப் பெட்டியை அப்படியே தந்துவிட்டுப் போனார். பதினாலு வருடமாக, எங்கே எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எழுதியவன் நான். இந்தப் படங்களில் விழுந்தவர்கள் எழும்பினார்கள். அது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

குணம் பார்த்தது வேறு. கொழும்பிலிருந்து வெறும் கசெற் ஏற்றிய லொறி வழியில் நிற்கிறது. மூன்று புதுப்படம் பதியக் காத்துக் கிடக்கிறது. இங்கே முப்பத்தேழு கசெற்றைத் தூசு தின்கிறது. "சும்மா கிடக்கேல்லை, நான் பாக்கிறன்" என்றேன். "கடைக்காரர் பாக்கிறதுக்கே அத்தான் கடை?" என்றான். ஒரு மணித்தியாலம் வாதாடியதில் ஒரு தவணை கிடைத்தது. அது தொண்ணூற்றொன்று ஆவணி. குணம் விரல் விட்டுச் சொன்னான்: "தைப்பொங்கல் வரைக்கும் பாப்பம். ஆராவது தானா வந்து, தன்ர வாயால கேட்டு எடுத்துக்கொண்டு போற கசெற்றை நான் தொடமாட்டன். ஒருத்தரும் கேளாததில புதுப்படம் அடிப்பன். நீங்கள் ஆளைப் பிடிச்சுத் தலையில கட்டுறது சேராது, அத்தான்."

பல்லுப் பிடுங்கல்

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கசெற்றின் முதுகில் ஓரமாக ஒரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டு இருக்கும், பல் மாதிரி. அதை முறித்துவிட்டால் டெக் அந்தக் கசெற்றில் பதியாது. குணம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு ஸ்குறூ ட்ரைவரால் முப்பத்தேழு பல்லையும் பிடுங்கினேன். பிடுங்கியதை ஒரு தேத்தண்ணீர்ப் பீரிசுத் தட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி தனம் பீரிசை எட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். கல்யாணம் கட்டி இருபது வருடமானால் சில கேள்விகள் நின்றுவிடும்.

அடுத்த நாட்காலை குணம் ஒரு செலோரேப் உருளையோடு வந்தான். ஒரு கசெற்றை எடுத்தான், பல் இருந்த பள்ளத்துக்கு மேல் ஒரு துண்டு ஒட்டினான், டெக்கில் தள்ளி, பதிகிற பொத்தானை அமத்தினான். சிவப்பு வெளிச்சம் வந்தது. நான் பாய்ந்து நிற்பாட்டுவதற்குள் நாலு செக்கன் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் படத்தில் ஒருவர் காரின் கதவைத் திறப்பார், உடனே மழை இரைச்சல் போல ஒரு கோடு வரும், பார்த்தால் ஆள் கால்வாய்க்குள் கிடப்பார். உண்மையைச் சொன்னால் அது முன்னையதை விட நன்றாகத்தான் இருந்தது. குணம் செலோரேப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னான்: "பல்லுப் போனவைக்குப் பல்லுக் கட்டுறேல்லையே, அத்தான்?"

கலர்

ஆளைப் பிடித்துத் தலையில் கட்டக்கூடாது என்றுதான் தவணை. தமிழ்ப் படம் எடுக்கிறவருக்கு இன்னொன்றைச் சும்மா சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று அதில் இல்லை. பத்திரிகையில் வேலை செய்தவனுக்கு இந்த அளவு சட்டம் தெரியும். பாலையூற்றிலிருந்து நடராசா மாஸ்ரர் வந்தார். மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு. கலர் ரீவியும் டெக்கும் இரண்டு தமிழ்ப் படமும் வேண்டும். பைக்குள் மூன்றாவதாக ஒன்றை வைத்தேன்: ஹோட்டலின் பெயர்ப்பலகைக்குச் சாயம் பூச ஏணியில் ஏறுகிற ஒருவர், படம் முழுவதும் அந்த ஏணியால் விழுகிற கதை.

என் கசெற்றைத்தான் முதலில் போட்டிருக்கிறார்கள். கலர் வரவில்லை. திருகக்கூடியதை எல்லாம் திருகிப் பார்த்துவிட்டு, றிப்பெயர்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ரீவியின் பின்பக்கத்தைக் கழற்றினார். பின்னால் இருந்து வேலை செய்கிறவருக்கு முன்னால் படம் தெரியவேண்டும் அல்லவா? பிள்ளைக்குப் பொட்டு வைத்த கண்ணாடியை வாங்கி முன்னால் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியில் ஏணிக்காரர் விழுந்தார். றிப்பெயர்காரர் சிரித்தார். அதைப் பார்த்துக் கண்ணாடி பிடித்தவர் சிரித்தார், கண்ணாடி ஆடியது, கண்ணாடிக்குள் ஏணிக்காரர் இன்னொரு முறை விழுந்தார். பந்தியில் இருந்தவர்கள் சோற்றுக் கையோடு எழும்பி வந்துவிட்டார்கள். றிப்பெயர்காரர் படம் முடியுமட்டும் ஸ்குறூ ட்ரைவரைக் கையிலேயே வைத்திருந்தாராம், ஒன்றையும் தொடவில்லை. அடுத்த கிழமை நடராசா மாஸ்ரர் தானாக வந்து, தன் வாயால் அந்த ஏணிப் படத்தை மறுபடி கேட்டார். முப்பத்தேழில் முதலாவது தப்பியது. போகும்போது மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொன்னார்: "படம் திறம். ஆனால் நீங்கள் அதில இருந்த கலரை எடுத்து வைச்சிருக்கக்கூடாது."

யானை வெடி

புரட்டாதியில் தம்பலகாமத்தில் சூடடிப்பு, கதிரடிக்கிற காலம். கணபதிப்பிள்ளையர் என்ற கமக்காரர், அறுவடை முடிந்த சந்தோசத்தில், நெல்லடித்த களவெட்டியில் படம் போடவேண்டும் என்று ஆள் அனுப்பினார். பொழுதுபட்டால் ஊரடங்கு, அதனால் பகற்காட்சி. பகலில் படம் காட்டுவது இலேசான வேலையில்லை. தறப்பாளை நாலு பக்கமும் நிலம் முட்ட இழுத்துக் கட்டி, ஓட்டைகளைச் சாக்கால் அடைத்து, உள்ளே ரீவியையும் வெளியே ஜெனரேற்றரையும் வைத்தோம். முப்பது பேர், அவியல்தான். நான் ரீவிக்குப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தைத் தமிழாக்கி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நிமிடம் கணபதிப்பிள்ளையர், "ஐயா, குறை நினையாதேங்கோ, அந்த மனிசன் விழுறதுக்குத் தமிழ் தேவையில்லை" என்றார். ஒரு மூலையில் போய்க் குந்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. ஏணி சாய்ந்தது, முப்பது பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். பக்கத்து வயற்காரர்களுக்குத் தறப்பாளும் தெரியாது படமும் தெரியாது. முப்பது பேர் சேர்ந்து கத்தினால் அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: யானை இறங்கிவிட்டது. அவர்கள் யானை வெடி கொளுத்தினார்கள். ஏணி மறுபடி சாய்ந்தது, மறுபடி கத்தினோம், மறுபடி வெடி. தெருவோர ஆமிக் காம்பில் இருந்தவர்களுக்கு ஒரு யானை வெடி பழக்கம். அடுத்தடுத்து ஏழென்றால் பழக்கமில்லை. பத்து நிமிடத்தில் தறப்பாளின் ஒரு பக்கம் உயர்ந்தது. வெளிச்சம் அடித்தது, வெளிச்சத்துக்குப் பின்னால் ஆறு துவக்கு. ஒருவரும் அசையவில்லை. ரீவியில் மட்டும் அந்த மனிதர் ஏணியோடு மெதுவாக, மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்தார். முன்னுக்கு நின்ற சிப்பாய், கண்ணை ரீவியில் வைத்துக்கொண்டே, தெரிந்த தமிழில் "யானை எங்கே?" என்று கேட்டார். கணபதிப்பிள்ளையர் இருந்த இடத்திலிருந்தே, பணிவாகப் பதில் சொன்னார்: "யானை இல்லை, மாத்தையா. இவர்தான் விழுந்தவர்."

மூன்று நாட் சோதனை

அந்த முறை ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆறு பேரும் படத்தின் கடைசி இருபது நிமிடத்தையும் நின்றபடி பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் நான் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, சோதனைச்சாவடியில், கொண்டுபோயிருந்த கசெற் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். கசெற்றை வெளியில் பார்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லமுடியாது, போட்டுப் பார்க்கவேண்டும். "உள்ளுக்குள்ள என்ன?" என்று பொலிஸ் சாஜன் கேட்டார். "சிரிப்பு" என்றேன். அதை அவர் கொப்பியில் எழுதினார்.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் போனேன். சாஜன் இரண்டைத் தந்தார். மூன்றாவது இன்னும் சோதனையில் இருக்கிறதாம். உள்ளே அறையிலிருந்து, பெரிய ஆட்கள் அடக்கிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, இன்னும் கடையில இருக்கா? எல்லாம் செக் பண்ணவேணும்" என்றார். மூன்றும் பத்திரமாக வீடு வந்த பிறகு, தானாக, வாயால் கேட்டார்களே, இதுவும் தவணையில் சேரத்தானே வேண்டும் என்று குணத்திடம் வாதாடினேன். அவன் யோசிக்கவே இல்லை: "ஏலாது அத்தான். அவை எதைக் கேட்டாலும் நாங்கள் குடுக்கிறதுதானே."

எட்டு ஆம்பிளையள்

ஐப்பசியில் கடலுக்கு இறங்கக்கூடாதென்று தடை வந்தது. சாம்பல்தீவுக்கு அங்கால், மீன்பிடி ஊரான சல்லியிலிருந்து செல்வமலர் என்ற பெண் கடைக்கு வந்தாள். தமையன் தம்பிமார், புருசன், மைத்துனன்மார் எல்லாரும் ஒரே வளவு. பாலையூற்றுச் சாமத்திய வீட்டில் கண்ணாடிக்குள் படம் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி.

"வீட்டில எட்டு ஆம்பிளையள், அண்ணை. கடலுக்கு விடினமில்லை. விடியத் தொடக்கம் குசினிக்குள்ள வந்து சட்டியைத் திறந்து திறந்து பாக்கினம். உப்புக் கூடவாம், புளி குறையவாம். இவ்வளவு நாளும் சட்டி எந்தப் பக்கம் இருக்கெண்டு தெரியாத ஆக்கள்!" என்றாள். புதுத் தமிழ்ப் படம் கொண்டுபோகவில்லையா என்று குணம் கேட்டான். கொண்டுபோய்ப் பார்த்தாளாம். சண்டைக் காட்சியைப் பார்த்துவிட்டு, இரண்டு மைத்துனன்மார் முற்றத்தில் அதே மாதிரிச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அவள் மேசையில் கையை ஊன்றிச் சொன்னாள்: "கடலுக்கு விடுமட்டும் எனக்கு அந்த விழுறவரைத் தாங்கோ."

பெயர்

செல்வமலருக்குப் பின்னால் சல்லிப் பெண்கள் வந்தார்கள். பிறகு நிலாவெளிக்காரர், பிறகு எங்கள் தெருக்காரர். கார்த்திகை முடிவதற்குள் இருபத்தாறு கசெற் தப்பியது. ஆங்கிலப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. எல்லாரும் விழுகிற இடத்தைச் சொல்லித்தான் கேட்டார்கள். ஏணி. கிணறு. கேக். பியானோவுக்குள். மாடிப்படியில் முதலாளியோடு சேர்ந்து. குணம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பழைய ஒட்டுகளைக் கிழித்துவிட்டு, தன் குண்டு எழுத்தில் "கிணத்துக்க விழுறது", "கேக்குக்க விழுறது" என்று எழுதி ஒட்டினான். தமிழ்ப் படங்களை நடிகர் பெயரால் அடுக்கியிருந்தான். என்னுடையவற்றை விழும் உயரத்தால் அடுக்கினான். அதில் ஒரு ஒழுங்கு இருந்ததை நான் மறுக்கமாட்டேன்.

பிழையும் வந்தது. ஒரு நாள் அடைமழை. மார்கழி வெள்ளம் தெருவில் முழங்கால் மட்டும். அதற்குள்ளும் ஒரு அம்மா குடையோடு கசெற்றைத் திருப்பிக்கொண்டு வந்தார். படம் பழுதா என்று கேட்டேன். படம் பழுதில்லை, விழுகை பழுது என்றார். "நான் கேட்டது மாவுக்க விழுறவர். நீங்கள் தந்தது சேத்துக்க விழுறவர். சேறு எங்கட வீட்டிலயே கிடக்கு!"

பொங்கலுக்கு முதல் நாள்

மார்கழி முடிகிறபோது ஒன்றுதான் மிஞ்சியது. எனக்கு ஆகப் பிடித்தது அதுதான். கந்தோரில் கணக்கெழுதுகிற ஒருவர், முதலாளியின் கல்யாணத்துக்கு உயிரோடு ஒரு வாத்தைப் பரிசாகக் கொண்டுபோகிறார். றெயின் பிந்துகிறது. எழுபது நிமிடத்துக்கு அவர் ஸ்ரேசன் வாங்கில் வாத்தோடு குந்திக் காத்திருக்கிறார். ஒருவரும் விழுவதில்லை. அவர் வாத்தைப் பார்க்கிறார், வாத்து மணிக்கூட்டைப் பார்க்கிறது. அந்த எழுபது நிமிடத்தை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சோதனைச்சாவடிகளில் காத்திருந்த ஒவ்வொரு முறையும் அந்த வாத்தின் முகம் எனக்கு உதவியிருக்கிறது. போதாக்குறைக்கு, கசெற்றின் முதல் ஒரு மணித்தியாலம் கப்பற் சமையற்காரர் பதிந்துவைத்த ஏதோ உதைபந்தாட்டம். சும்மா சேர்த்து வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் பந்தைப் பார்த்துவிட்டு நிற்பாட்டிவிட்டார்கள்.

தனம் தானே வந்து கேட்கிறேன் என்றாள். "அக்கா, நீ வீட்டு ஆள், சேராது" என்றான் குணம். பொங்கலுக்கு முதல் நாள் கடையில் நல்ல சனம். மேசையில் வாத்துக் கசெற்றைத் தனியாக நிறுத்திவைத்துவிட்டு நான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். நாலு மணி போல ஒருவர் அதைக் கையில் எடுத்தார். என் நெஞ்சு டெக் போல ஓடியது. "இதென்ன?" "வாத்து." "ஆர் விழுறது?" பொய் சொல்லியிருக்கலாம். பத்திரிகைப் பழக்கம் விடவில்லை. "கடைசியிலதான் விழுவினம்" என்றேன். "அப்ப வேண்டாம்" என்று வைத்துவிட்டுப் போனார். ஊரடங்குக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது குணம் செலோரேப்பை எடுத்தான். ஒட்டினான். புதுத் தமிழ்ப் படம் மற்ற டெக்கில் தயாராக இருந்தது. அவன் முகத்தில் வென்ற சந்தோசம் இல்லை. அதற்காக விட்டுக்கொடுக்கவும் இல்லை. "கதைச்சது கதைச்சதுதான், அத்தான். வேணுமெண்டால் பொத்தானை நீங்களே அமத்துங்கோ."

மிச்சம்

அமத்தினேன். பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், கந்தளாயிலிருந்து தேத்தண்ணீர்க் கடைக்காரர் ஒருவர் அந்தப் புதுப்படத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். "படம் முடிஞ்சு, மாலையும் மாத்திப்போட்டினம். அதுக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரன் கோட்டுக்குள்ள வாத்தோட றெயினில போறானே, அவன் ஆர்? மாப்பிள்ளை பகுதியோ?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தோம். தமிழ்ப் படம் இரண்டேகால் மணித்தியாலம். அது உதைபந்தாட்டம் முழுவதையும், ஸ்ரேசன் வாங்கையும் சரியாக அழித்துவிட்டு நின்றிருந்தது. றெயின் வந்த இடத்திலிருந்து கடைசி இருபத்தைந்து நிமிடம் அப்படியே இருந்தது. அதில்தான் வாத்து கோட்டுக்குள்ளிருந்து வெளியே வரும், கல்யாண மண்டபத்தில் மணவாட்டியிலிருந்து பாதிரியார் வரைக்கும் எல்லாரும் விழுவார்கள். பத்திரிகையில் இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்து வெட்டுவோம். எங்கள் கடையில் தலையிலிருந்து வெட்டியிருந்தோம்.

மாசிக்குள் ஊர் முழுக்கக் கதை. வாத்து வருகிற படம் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். தமிழ்ப் படத்தை வேகமாக ஓடவிட்டுவிட்டு மாலை மாற்றும் இடத்தில் நிற்பாட்டப் பழகிவிட்டார்கள். கசெற் வீட்டுக்கு வீடு மாறியது. கடைக்கு வருவதே அருமை. வந்த ஒரு நாள் குணம் கதவைச் சாத்திவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, அந்த இருபத்தைந்து நிமிடத்தையும் முதன்முறையாகப் பார்த்தான். கண்ணீர் வரச் சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழித்தது யாரோ போலக் கோபமாகத் திரும்பி என்னைக் கேட்டான்: "அத்தான், இந்த வாத்து எப்பிடி அவன்ர கோட்டுக்குள்ள வந்தது? முன்னுக்கு என்ன நடந்ததெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ!"

தொண்ணூற்றேழு ஆனியில் கடையைப் பூட்டியபோது தப்பிய முப்பத்தாறும் அலுமாரிக்குள் இருந்தன. ஒருவரும் கேளாத முப்பத்தேழாவது மட்டும் யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தது, இன்னும் திரும்பி வரவில்லை.